பிறர் பிள்ளைகளுக்குக் கதை சொன்ன தகப்பன்



உங்கள் வீட்டுப் பிள்ளை பாடப் புத்தகத்தின் நடுவே வேறொரு புத்தகத்தை ஒளித்து வைத்து வாசிப்பதைக் கண்டிருப்பீர்கள். அது சந்திரனுக்குப் பறந்து போகிற கதையாக இருக்கும். அல்லது கடலுக்கு அடியில் ஓடும் கப்பலின் கதையாக இருக்கும். அல்லது பெயர் தெரியாத தீவில் கரை ஒதுங்கிய மாலுமிகளின் கதையாக இருக்கும். கண்டதும் உங்கள் மனதில் ஒரு கேள்வி எழும். இந்தக் கட்டுக்கதைகளால் பிள்ளைக்கு என்ன லாபம்? புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிடலாமா, அல்லது கண்டும் காணாதவர் போல் போய்விடலாமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடுகிறவர்கள் ஜூல்ஸ் வெர்ன் என்பவரின் வாழ்க்கையை அறிந்துகொள்வது நல்லது. பிரெஞ்சு தேசத்தவரான இவர், விஞ்ஞானத்தை அடிப்படையாக வைத்து அற்புதக் கதைகள் எழுதுவதையே தம் வாழ்நாள் தொழிலாகச் செய்தவர். எத்தனையோ பாஷைகளில் எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் இவருடைய நாவல்களை வாசித்து வளர்ந்தார்கள். ஆனால் இதே மனிதர் தம் சொந்த மகனோடு பட்ட பாடு கொஞ்சமல்ல. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் குடும்பத்தாராகிய நமக்குப் பயன் உண்டு.

துறைமுகத்துச் சிறுவன்

ஜூல்ஸ் வெர்ன் 1828-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 8-ந் தேதி நாந்த் என்னும் பட்டணத்தில் பிறந்தார். லுவார் நதியின் கரையில் அமைந்த அந்தப் பட்டணம் அக்காலத்தில் பெரிய துறைமுகம். தகப்பனார் பியேர் வெர்ன் வக்கீல் தொழில் செய்தவர், பக்தியுள்ள கத்தோலிக்கர், எல்லாவற்றிலும் ஒழுங்கு பார்ப்பவர். தாயார் சோபி அம்மாள் கப்பல் முதலாளிகளும் மாலுமிகளும் நிறைந்த குடும்பத்திலிருந்து வந்தவர். ஐந்து பிள்ளைகளில் ஜூல்ஸ்தான் மூத்தவன். அவனுக்கு அடுத்தவனான பவுல் பிற்காலத்தில் கடல் உத்தியோகத்தில் சேர்ந்தான். மூத்தவனாகிய ஜூல்ஸோ தகப்பனாரின் வக்கீல் தொழிலை ஏற்க வேண்டியவன் என்று வீட்டில் தீர்மானிக்கப்பட்டிருந்தது.

ஜூல்ஸ் ஆறு வயதில் ஸம்பேன் அம்மாள் என்பவரின் பள்ளியில் சேர்க்கப்பட்டான். அந்த அம்மாளின் புருஷன் கப்பல் தலைவர்; பல வருஷங்களுக்கு முன் கடலில் காணாமற் போனவர். அவர் எங்கோ ஒரு தீவில் உயிரோடு இருக்கிறார், ஒரு நாள் திரும்பி வருவார் என்று அந்த அம்மாள் நம்பிக்கையோடு பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார். அதைக் கேட்ட சிறுவனின் மனதில் தீவும் கப்பற்சேதமும் ஆழமாகப் பதிந்துவிட்டன. ராபின்ஸன் குரூஸோவின் கதையையும், அதைப் பின்பற்றி எழுதப்பட்ட சுவிஸ் குடும்பத்தின் கதையையும் அவன் ஆசையோடு வாசித்தான். இரண்டிலும் சுவிஸ் குடும்பத்தின் கதையே அவனுக்கு அதிகம் பிடித்தது. அதில் ஒரு தகப்பனும் தாயும் பிள்ளைகளும் ஒன்றாகவே தீவில் வாழ்கிறார்கள் அல்லவா! அறுபது வயதைத் தாண்டிய பிறகும் அதை மறக்காமல், அந்தக் கதையின் தொடர்ச்சியாக ஒரு நாவலை எழுதி 1900-ம் வருஷம் வெளியிட்டார் என்றால், சிறு பிராயத்தில் வாசித்த புத்தகம் மனிதனோடு எவ்வளவு தூரம் வருகிறது என்று பாருங்கள்.

பதினொரு வயதில் யாருக்கும் தெரியாமல் கப்பலேறி ஓடப் பார்த்தான், தகப்பனார் துரத்திப் பிடித்தார் என்று ஒரு கதை அவரைப் பற்றி வழங்கி வருகிறது. பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் அதை நம்புவதில்லை. ஓடினானோ இல்லையோ, துறைமுகத்தில் நின்று பாய்மரங்களை எண்ணி மகிழ்ந்த சிறுவன் அவன் என்பதில் சந்தேகமில்லை.

வக்கீல் வேலை வேண்டாம்

தகப்பனாரின் சொற்படி ஜூல்ஸ் பாரீஸ் நகரம் சென்று சட்டம் படித்துத் தேறினார். ஆனால் மனம் நாடகத்திலும் எழுத்திலும் இருந்தது. ஊருக்குத் திரும்பி அலுவலகத்தை ஏற்றுக்கொள் என்று தகப்பனார் அழைத்தபோது, தமக்கு அந்த வேலை பொருந்தாது என்று பணிவாகவே மறுத்துவிட்டார். அதன் பிறகு பல வருஷங்கள் கஷ்ட ஜீவனம்தான். ஒரு நாடகக் கொட்டகையில் சொற்பச் சம்பளத்துக்குக் காரியதரிசியாக வேலை பார்த்தார். எழுதிய நாடகங்கள் பெரிய பெயர் எடுக்கவில்லை.

ஆனாலும் அந்த வருஷங்கள் வீண் போகவில்லை. பாரீஸ் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து பூகோளம், வான சாஸ்திரம், இயந்திரங்கள், தூர தேசப் பிரயாணங்கள் பற்றிய நூல்களை வாசித்துக் குறிப்பெடுத்தார். இந்தப் பழக்கத்தை அவர் கடைசி வரை விடவில்லை. சேர்த்து வைத்த குறிப்புகள் பல்லாயிரம். ஜாக் அராகோ என்னும் பிரயாணியோடும் நட்புக் கொண்டார். அராகோ கண் பார்வையை இழந்த பிறகும் பிரயாணத்தையும் எழுத்தையும் நிறுத்தாதவர். உலகத்தைக் காண்பதற்குக் கண் மட்டும் போதாது, மனமும் வேண்டும் என்பதை அவரைப் பார்த்தே வெர்ன் கற்றிருக்கலாம்.

1857-ம் வருஷம் ஒனோரின் என்னும் இளம் விதவையை மணந்தார். அந்த அம்மாளுக்கு முதல் விவாகத்தில் இரண்டு பெண் குழந்தைகள் இருந்தனர். குடும்பத்தைக் காப்பாற்றப் பங்கு மார்க்கெட்டில் வேலைக்கு அமர்ந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து எழுதுவார்; பிறகு வேலைக்குப் போவார். 1861-ம் வருஷம் ஆகஸ்டு 3-ந் தேதி இவர்களுக்கு ஒரே மகனாக மிஷேல் பிறந்தான். மிக்கேல் என்று நாம் வழங்கும் பெயர்தான் அது. மகன் பிறந்த நாளில் தகப்பன் வீட்டில் இல்லை. நண்பரோடு வட ஐரோப்பியப் பிரயாணத்தில் இருந்தார். அவசரமாகத் திரும்பியும் நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு பிரசுரகர்த்தரின் யோசனை

1862-ம் வருஷம் வெர்ன், எட்ஸெல் என்னும் பிரசுரகர்த்தரைச் சந்தித்தார். எட்ஸெல் தாமே பிள்ளைகளுக்குக் கதை எழுதியவர். வெர்ன் கொண்டுபோன கையெழுத்துப் பிரதி, மூன்று பேர் பலூனில் ஏறி ஆப்பிரிக்கக் கண்டத்தைக் கடக்கும் கதை. எட்ஸெல் சொன்ன திருத்தங்களுடன் அது 1863-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் புத்தகமாக வந்து நன்றாக விற்றது. அதன் பின் இருவரும் நீண்ட கால ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வெர்ன் பங்கு மார்க்கெட் வேலைக்குத் தலைமுழுகிவிட்டு முழு நேர எழுத்தாளரானார்.

1864-ம் வருஷம் மார்ச் மாதத்தில் எட்ஸெல் ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். மாதம் இரு முறை வெளிவந்த அந்தப் பத்திரிகையின் பெயரிலேயே கல்வி, பொழுதுபோக்கு என்ற இரண்டு சொற்களும் இருந்தன. பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து வாசிக்கத் தக்கதாக அது நடத்தப்பட்டது. முதல் இதழிலிருந்தே வெர்னின் தொடர்கதை அதில் இடம் பெற்றது. பூமியையும் வானத்தையும் பற்றி விஞ்ஞானம் அறிந்ததையெல்லாம் கதையின் மூலமாகச் சொல்லிவிட வேண்டும் என்பதே இந்தக் கதை வரிசையின் நோக்கம் என்று எட்ஸெல் அறிவித்தார். பத்திரிகையில் வந்த கதைகள் பின்னர் சிவப்பும் பொன்னிறமுமான அட்டையுடன், படங்கள் நிறைந்த பெரிய புத்தகங்களாகவும் வெளிவரும். கிறிஸ்துமஸ், புது வருஷக் காலத்தில் பிரெஞ்சுப் பெற்றோர் அவற்றை வாங்கிப் பிள்ளைகளுக்குப் பரிசளித்தார்கள்.

இந்த வரிசையில் வெர்னின் வாழ்நாளிலேயே ஐம்பத்து நான்கு நாவல்கள் வெளிவந்தன. பூமியின் வயிற்றுக்குள் இறங்கும் கதை 1864-ல். சந்திரனுக்குப் போகும் கதை 1865-ல். கடலடிக் கப்பலின் கதை 1869, 1870-ல். எண்பது நாளில் உலகத்தைச் சுற்றி வரும் கதை 1872-ல். கடைசியாகச் சொன்ன கதையில் வரும் வேடிக்கையை உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பந்தயம் கட்டிப் புறப்பட்ட மனிதர் தாமதமாகி விட்டதாக நினைத்து மனம் உடைகிறார். ஆனால் கிழக்கு நோக்கியே உலகைச் சுற்றியதால் அவருடைய கணக்கில் ஒரு நாள் அதிகமாகிவிட்டது. உண்மையில் அவர் ஜெயித்துவிட்டார்! தீர்க்க ரேகை என்றால் என்ன என்று வாத்தியார் மூன்று நாள் விளக்கியும் ஏறாதது, இந்தக் கதையை ஒரு முறை வாசித்தால் ஏறிவிடும்.

எட்ஸெல் நல்ல நண்பர், கண்டிப்பானவரும்கூட. இருபதாம் நூற்றாண்டில் பாரீஸ் எப்படி இருக்கும் என்று வெர்ன் ஒரு நாவல் எழுதினார். இயந்திரங்கள் பெருகி, கவிதைக்கும் அன்புக்கும் இடமில்லாமற் போன ஒரு நகரத்தில் ஓர் இளைஞன் படும் துயரம் அதில் உள்ளது. எட்ஸெல் அதை ஏற்க மறுத்துவிட்டார். அந்தப் பிரதி நூறு வருஷத்துக்கு மேல் கிடந்து, 1994-ம் வருஷத்தில்தான் அச்சேறியது. விஞ்ஞானத்தை வியந்தவர் என்றுதான் வெர்னை எல்லாரும் அறிவார்கள். விஞ்ஞானம் மட்டும் போதாது என்ற பயமும் ஆரம்பத்திலிருந்தே அவருக்கு இருந்தது என்று இதனால் தெரிகிறது.

மன்னார்க் கடலில் ஒரு காட்சி

வெர்ன் நம் பக்கத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அமெரிக்காவுக்கு ஒரு முறை போனார், ஐரோப்பியக் கடல்களில் பலமுறை பிரயாணம் செய்தார், அவ்வளவுதான். ஆனாலும் கடலடிக் கப்பலின் கதையில் அவர் தம் கதாபாத்திரங்களை மன்னார் வளைகுடாவுக்குக் கொண்டுவந்து இறக்குகிறார். முத்துச் சலாபத்தைப் பற்றியும், குளிகாரர்கள் காலில் கல்லைப் பிடித்துக்கொண்டு கயிற்றோடு அடிக்கு இறங்குவதைப் பற்றியும், அவர்களுக்குக் கிடைக்கும் அற்பக் கூலியைப் பற்றியும் எழுதுகிறார். எல்லாம் நூல்களில் வாசித்து அறிந்தவை.

அங்கே தனியாக முத்துக் குளிக்கும் ஓர் ஏழையை ஒரு சுறா தாக்க வருகிறது. கப்பலின் தலைவனான நீமோ கத்தியை உருவிக்கொண்டு அதன் மேல் பாய்கிறான். குளிகாரனைக் காப்பாற்றித் தோணிக்குக் கொண்டுபோய் மூச்சு வரச் செய்து, அவன் கையில் ஒரு பை நிறைய முத்துக்களையும் கொடுத்துவிட்டுப் போகிறான். மனித சமுதாயத்தையே வெறுத்து ஒதுங்கியவன் எதற்காக இதைச் செய்தான்? ஒடுக்கப்பட்ட ஜனங்களின் பக்கம் தான் நிற்பதாக அவன் குறிப்புக் காட்டுகிறான். 1874, 1875-ல் வெளிவந்த மற்றொரு நாவலில் அந்த ரகசியம் விளங்குகிறது. நீமோ ஓர் இந்திய அரசகுமாரன். திப்பு சுல்தானின் உறவினன். 1857-ம் வருஷக் கிளர்ச்சியில் நாட்டையும் குடும்பத்தையும் இழந்தவன். முதலில் வெர்ன் அவனைப் போலந்து தேசத்தவனாகவே எண்ணியிருந்தார். ரஷியாவின் கொடுமைக்கு இரையான குடும்பம் என்று எழுத விரும்பினார். எட்ஸெல் ஒத்துக்கொள்ளாததால் அந்த எண்ணத்தை விட வேண்டியதாயிற்று.

பிரெஞ்சு நாட்டுச் சிறுவன் ஒருவன் குளிருக்குப் போர்த்திக்கொண்டு மன்னார்க் குளிகாரனுக்காக இரக்கப்பட்டானே, அதை எண்ணிப் பாருங்கள். தான் ஒரு நாளும் காணப் போகாத ஒருவன் மேல் பிள்ளைக்கு இரக்கம் பிறக்கச் செய்வது, இத்தகைய கதைகளின் முதல் நன்மை.

தவறும் பயன் தந்தது

இரண்டாவது நன்மை வேறு வகையானது. சந்திரனுக்குப் போகும் கதையில் வெர்ன் மூன்று பேரை ஒரு குண்டுக்குள் அமர்த்தி, தொள்ளாயிரம் அடி நீளமுள்ள பீரங்கியால் வானத்துக்குச் சுடுகிறார். பீரங்கியை அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்தில் வைக்கிறார். திரும்பி வரும்போது பசிபிக் கடலில் விழச் செய்கிறார். பூமியை விட்டு வெளியேற விநாடிக்குச் சுமார் பதினொரு கிலோமீட்டர் வேகம் வேண்டும் என்ற கணக்கையும் சரியாகவே சொல்கிறார். 1969-ம் வருஷம் ஜூலை மாதம் மூன்று பேர் பிளாரிடாவிலிருந்தே புறப்பட்டு, சந்திரனை அடைந்து, பசிபிக் கடலிலேயே வந்து இறங்கினார்கள். திரும்பும் வழியில் அவர்களில் ஒருவரான ஆர்ம்ஸ்டிராங், தொலைக்காட்சி ஒளிபரப்பில் வெர்னின் பெயரைக் குறிப்பிட்டார்.

ஆனால் பீரங்கி மட்டும் சுத்தத் தவறு. அவ்வளவு குறுகிய குழாய்க்குள் அவ்வளவு வேகம் எடுத்தால், உள்ளே இருப்பவர்களை அவர்களுடைய எடையைப் போல் இருபதாயிரம் மடங்குக்கும் மேலான பாரம் நசுக்கிவிடும். இதைக் கண்டுபிடித்தவர்கள் யார் தெரியுமா? அந்தக் கதையை வாசித்து வளர்ந்த பிள்ளைகளே!

ரஷியாவில் ஸியோல்கோவ்ஸ்கி என்று ஒருவர். சுமார் பத்து வயதில் காய்ச்சலால் காது கேட்கும் சக்தியைப் பெரும்பாலும் இழந்தவர். பள்ளிக்கூடம் போக முடியாமல் புத்தகங்களையே ஆசிரியராகக் கொண்டவர். விண்வெளிப் பயண ஆசையின் விதையைத் தம் மனதில் ஊன்றியவர் வெர்ன் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். பீரங்கி உதவாது, ராக்கெட்டுதான் உதவும் என்று கணக்குப் போட்டு 1903-ம் வருஷம் கட்டுரை வெளியிட்டார். டிரான்ஸில்வேனியாவில் ஹெர்மன் ஓபர்த் என்று மற்றொருவர். பதினொரு வயதளவில் அவருடைய தாயார் வெர்னின் சந்திரக் கதைகளை அவருக்குக் கொடுத்தார். மனப்பாடமாகும் வரை வாசித்தார். வாசித்ததோடு நிற்காமல் ஆசிரியரின் கணக்குகளைச் சரிபார்த்தார். பீரங்கியால் மனிதர் பிழைக்க முடியாது என்று கண்டு ராக்கெட்டின் பக்கம் திரும்பினார். 1969-ம் வருஷம் சந்திரனுக்கு ராக்கெட்டு புறப்பட்டபோது, அதை நேரில் நின்று பார்க்கும் பாக்கியம் அவருக்குக் கிடைத்தது.

கதையில் பிழை இருப்பதால் பிள்ளை கெட்டுப்போகும் என்று அஞ்சுகிற பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். பிழையைப் பிடிக்கும் அளவுக்குக் கதையை நேசித்த பிள்ளைகளால்தான் உலகத்துக்கு லாபம் வந்தது.

சொந்த மகன்

இப்போது வருத்தமான பக்கத்துக்கு வருவோம். பிறர் பிள்ளைகளுக்கு இவ்வளவு செய்தவர் தம் பிள்ளையை எப்படி வளர்த்தார்?

1868-ம் வருஷம் வெர்ன் ஒரு படகு வாங்கி, மகனின் பெயரையே அதற்குச் சூட்டி, அர்ச். மிக்கேல் என்று அழைத்தார். கடலடிக் கப்பலின் கதையில் ஒரு பகுதியை அந்தப் படகிலேயே எழுதினார். ஆனால் மகனோடு செலவழிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. 1871-ம் வருஷம் குடும்பம் அமியேன் என்னும் அமைதியான பட்டணத்தில் குடியேறியது. விடியற்காலையிலிருந்து எழுத்து, ஒப்பந்தப்படி வருஷந்தோறும் புத்தகங்களைக் கொடுத்தாக வேண்டும், நாடகங்கள் வேறு. மிஷேல் சொற்கேளாத பிள்ளையாக வளர்ந்தான். ஊதாரித்தனமும் கடனும் சேர்ந்தன. தகப்பன் கண்டித்தார்; மகன் இன்னும் முறைத்தான்.

1876-ம் வருஷத்தில் வெர்ன் மகனை மெத்ரே என்னும் இடத்திலிருந்த திருத்தல் விடுதிக்கு அனுப்பினார். அடங்காத பிள்ளைகளைத் தகப்பனின் விண்ணப்பத்தின் பேரில் அடைத்து வைக்க அன்றைய பிரெஞ்சுச் சட்டம் இடம் கொடுத்தது. அதனாலும் மகன் திருந்தவில்லை. 1878-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், பதினாறு வயதான அவனை இந்தியாவை நோக்கிப் புறப்பட்ட கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார். தகப்பன் கற்பனையில் கண்டு மகிழ்ந்த தேசத்துக்கு மகன் தண்டனையாக அனுப்பப்பட்டான்!

அதே 1878-ம் வருஷத்தில் எட்ஸெலின் பத்திரிகையில் வெர்னின் எந்தக் கதை வந்துகொண்டிருந்தது தெரியுமா? பதினைந்து வயதுக் கப்பல் தலைவனின் கதை. தாய் தகப்பன் அற்ற டிக் என்னும் சிறுவன், தலைவனும் மாலுமிகளும் கடலில் மாண்டபின் கப்பலைத் தானே ஏற்று நடத்துகிறான். அவனிடம் தைரியமும் அடக்கமும் கடமை உணர்ச்சியும் உண்டு. ஒரு குறைகூட இல்லை. எத்தனையோ வீடுகளில் தகப்பன்மார் அந்த டிக்கைக் காட்டித் தங்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லியிருப்பார்கள். அந்த டிக்கை உண்டாக்கியவரின் சொந்த மகனோ கப்பலில் மனம் கசந்து உட்கார்ந்திருந்தான்.

பெற்றோர்களே, நாம் வெர்னைக் குற்றம் சாட்ட வேண்டாம். பிள்ளையால் துயரப்பட்டவர்களுக்குத்தான் அந்தத் துயரம் தெரியும். ஆனால் ஒன்று மட்டும் விளங்குகிறது. நல்ல புத்தகம் எவ்வளவு நல்லதானாலும் அது தகப்பனுக்குப் பதிலாகாது. அந்தப் புத்தகத்தை எழுதியவரின் வீட்டிலேயே ஆகவில்லை.

எழுத்தே சேர்த்து வைத்தது

மிஷேல் 1879-ம் வருஷம் திரும்பி வந்தான். அதற்குப் பிறகும் மனத்தாங்கல்கள் இருந்தன. தகப்பனின் சம்மதமில்லாத விவாகம், பிறகு வேறொரு பெண்ணோடு குடும்பம், மறுபடியும் கடன் என்று பல வருஷங்கள் கழிந்தன.

வெர்னுக்கும் சோதனைகள் அடுத்தடுத்து வந்தன. 1884-ம் வருஷம் மத்தியதரைக் கடல் பிரயாணத்தின்போது ரோமாபுரியில் பரிசுத்த பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயரைத் தரிசிக்கும் பாக்கியம் பெற்றார். அவருடைய நூல்களின் தூய்மையைப் பாப்பரசர் பாராட்டினார். அந்தச் சந்தோஷம் நெடுநாள் நிற்கவில்லை. 1886-ம் வருஷம் மார்ச் 9-ந் தேதி, சித்த சுவாதீனம் இழந்த அவருடைய தம்பி மகன் கைத்துப்பாக்கியால் அவரைச் சுட்டான். குண்டு காலில் தைத்தது. அன்று முதல் கடைசி வரை அவர் நொண்டியே நடந்தார். எட்டு நாள் கழித்து எட்ஸெல் இறந்தார். அடுத்த வருஷம் தாயார் இறந்தார். படகை முன்பே விற்றாயிற்று. உலகம் முழுவதையும் கதையில் சுற்றியவர் ஊருக்குள் கைத்தடியோடு நடப்பவரானார்.

ஆனாலும் அவர் முடங்கிவிடவில்லை. 1888-ம் வருஷம் அமியேன் நகரசபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டுப் பதினைந்து வருஷம் உழைத்தார். இந்தக் காலத்தில்தான் தகப்பனும் மகனும் மெல்ல மெல்ல நெருங்கினார்கள். மிஷேலும் விஞ்ஞானக் கட்டுரைகளும் கதைகளும் எழுதத் தொடங்கியிருந்தார். ஆயிரம் வருஷத்துக்குப் பிந்திய உலகத்தைப் பற்றிய ஒரு சிறுகதை 1889-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் தகப்பனாரின் பெயரில் வெளிவந்தது. அதைப் பெரும்பாலும் எழுதியவர் மகனே என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். கண்டிப்பும் விடுதியும் கப்பலும் செய்ய முடியாததை, ஒரே மேஜையில் பேசக் கிடைத்த ஒரு பொதுவான பிரியம் செய்தது. மூன்று பேரப்பிள்ளைகளும் வந்து போனார்கள். அவர்களில் ஒருவர் வளர்ந்து, 1973-ம் வருஷம் தம் பாட்டனாரின் வாழ்க்கைச் சரித்திரத்தை வெளியிட்டார்.

நீரிழிவு நோயும் கண் மங்கலும் வருத்திய நிலையிலும் எழுதிக்கொண்டே இருந்த வெர்ன், 1905-ம் வருஷம் மார்ச் மாதம் 24-ந் தேதி, எழுபத்தேழாம் வயதில் அமியேன் நகரில் இறந்தார். அச்சேறாமல் மேஜையில் இருந்த நாவல்களை மிஷேலே ஒவ்வொன்றாக வெளியிட்டார். அவற்றில் தம் கையாலும் நிறைய மாற்றினார். அது சரியா தவறா என்று பண்டிதர்கள் வாதாடுகிறார்கள். மாற்றாத மூலப் பிரதிகளும் பின்னால் அச்சாகிவிட்டன. நமக்கு முக்கியமானது வேறு. தகப்பனின் கதைகளுக்குள் மகன் கடைசியில் வந்து சேர்ந்தான்.

வீட்டில் நாம் செய்யத் தக்கது

வெர்னின் நாவல்களில் குறைகள் இல்லாமலில்லை. ஆப்பிரிக்க ஜனங்களைப் பற்றி அக்கால ஐரோப்பியரின் இறுமாப்போடு பல இடங்களில் எழுதியிருக்கிறார். 1877-ல் வந்த ஒரு நாவலில் யூதர் ஒருவரை இழிவாகச் சித்திரித்து, அப்போதே கண்டனத்துக்கு ஆளானார். மறுபுறம், அடிமை வியாபாரத்தின் கொடுமையை டிக்கின் கதையிலேயே கடுமையாகச் சாடியும் இருக்கிறார். இவற்றைப் பிள்ளை தனியாக வாசித்தால் நல்லதையும் தீயதையும் ஒன்றாகவே விழுங்கிவிடும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பிரித்துக் காட்டலாம்.

எனவே புத்தகத்தைப் பிடுங்க வேண்டாம். கண்டும் காணாமல் போகவும் வேண்டாம். மூன்றாவது வழி ஒன்று உண்டு. இன்று விஞ்ஞானக் கதைகளும் மாயாஜாலக் கதைகளும் வெர்ன் காலத்தைவிட நூறு மடங்கு பெருகிவிட்டன. எல்லாவற்றையும் பெற்றோர் முன்கூட்டியே வாசித்துப் பார்ப்பது நடவாத காரியம். ஆனால் பிள்ளை வாசித்து முடித்ததும், கதை என்ன என்று கேட்பதற்கு ஐந்து நிமிஷம் போதும். யார் யாருக்கு உதவினார்கள், எது நடக்கக் கூடியது, எது நடக்க முடியாதது, ஆசிரியர் எங்கே தவறினார் என்று பேசிப் பாருங்கள். ஓபர்த்தின் தாயார் தம் மகனுக்குப் பெரிய விஞ்ஞானம் எதையும் கற்பிக்கவில்லை. நல்ல கதை ஒன்றைத் தேர்ந்து, தம் கையால் கொடுத்தார், அவ்வளவுதான்.

வெர்னின் கதைகள் தமிழிலும் சுருக்கமாக வந்திருக்கின்றன. நூலகங்களில் கேட்டால் கிடைக்கும். விடுமுறை நாளில் ஒன்றை எடுத்து வந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வீட்டில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம். மன்னார்க் கடலில் நீமோ பாயும் இடம் வரும்போது, முத்துக் குளித்த பரம்பரையில் வந்த தாத்தா யாராவது பக்கத்தில் இருந்தால், கதையை நிறுத்திவிட்டு அவரையும் பேசச் சொல்லுங்கள். கதாசிரியர் புத்தகத்தில் வாசித்து அறிந்ததை அவர் தம் முன்னோரிடமே கேட்டு அறிந்திருப்பார். பிள்ளைகள் அன்றைக்கு இரண்டு கதை கேட்பார்கள்.